தூர்னவீஸைப் பிள்ளை கையில் கொடுங்கள்

கோடை விடுமுறைக்கு வந்த பேரனுக்கு ரிமோட் ரேஸ் கார் வாங்கினேன். கடற்கரையில் காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர், "பெட்டியைப் பிரிச்சதும் ஓடுற காரா வாங்காம, துண்டு துண்டா இருக்கறதை ஏன் சார் வாங்கினீங்க?" என்று கேட்டார். அன்று அவருக்குச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான். பிள்ளைகளுக்கு வாங்கினால் கிட்டாகவே வாங்குங்கள். வாங்கிக் கொடுத்துவிட்டு, நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். முன்னதற்குப் பணம் போதும். பின்னதுதான் கஷ்டம்.

நாங்கள் வாங்கியது ஜப்பானில் ஷிசுவோகா நகரத்துத் தமியா கம்பெனியின் டிடி-02. நிஜக் காரில் 10-ல் 1 பங்கு. மோட்டாரின் சக்தி நடுவில் ஓடும் ஒரு தண்டின் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போகும். பெட்டிக்குள் மோட்டார் இருந்தது. ரிமோட், ரிசீவர், ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ, பாட்டரி, சார்ஜர், பெயிண்ட் எல்லாம் தனி. மொத்தத்தில் ஒரு மாதப் பென்ஷனில் பாதிக்கு மேல் போயிற்று. வீட்டம்மா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

செய்முறைப் புத்தகத்தில் ஜப்பானிய மொழி, ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு என்று நான்கும் இருந்தன. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பழைய பத்திரம் எதையாவது யாராவது தூக்கிக்கொண்டு வந்தால்தான் ஆபீசில் என் பிரெஞ்சுக்கு வேலை. இப்போது 74 வயதில் மறுபடி வேலை வந்தது. வீஸ் என்றால் திருகு, எக்ரூ என்றால் நட், ரோந்தெல் என்றால் வாஷர், தூர்னவீஸ் என்றால் ஸ்குரூ டிரைவர். பேரன் இங்கிலீஷ் வரியைப் படிப்பான், நான் பிரெஞ்சு வரியைப் படிப்பேன். இரண்டும் ஒத்துப்போனால் அடுத்த படிக்குப் போவோம்.

மூன்றாம் நாள் முன்பக்கத்து டிஃபரன்ஷியலை அதன் கூட்டுக்குள் வைத்தான். படத்தில் பெரிய பல் சக்கரம் ஒரு பக்கம் இருந்தது, அவன் வைத்ததில் மறுபக்கம் இருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. 34 வருடம் பிறர் எழுதிய குறிப்பில் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன் நான். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

ஏன் என்று கேட்டால், 1988-ல் நடந்ததைச் சொல்ல வேண்டும். என் மகனுக்கு அப்போது 12 வயது. வீட்டிலிருந்த டிரான்சிஸ்டரைப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்திருந்தான். ஆபீசிலிருந்து வந்தவன் என்ன ஏது என்று கேட்காமல் அடித்தேன். கடைக்காரர் அரை மணி நேரத்தில் அதைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார். ரேடியோ அதற்கப்புறம் பல வருடம் பாடியது. மகன்தான் அதற்குப் பிறகு எதையும் பிரிக்கவில்லை. நன்றாகப் படித்தான், நல்ல வேலையில் இருக்கிறான். ஆனால் இன்றைக்கும் குழாய் ஒழுகினால் வாஷர் மாற்ற ஆள் தேடுகிறான். அவன் கையை அப்படி ஆக்கியது என் கை.

காரை முடுக்கியதும் மோட்டார் முனகியது, வண்டி நகரவில்லை. பேரன் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். முன் சக்கரங்கள் ஒரு பக்கமாகவும் பின் சக்கரங்கள் எதிர்ப்பக்கமாகவும் சுற்றின. அழுகை வருகிற முகம். "தாத்தா, நீங்க பாத்தீங்களா?" என்றான். "பார்த்தேன்" என்றேன். ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவனே புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, தப்பைக் கண்டுபிடித்து, முன்பக்கம் முழுவதையும் கழற்றினான்.

மறுபடி மாட்டும்போதுதான் வாயைத் திறந்தேன். இந்தத் திருகுகள் பிளாஸ்டிக்கில் தாமே புரி வெட்டிக்கொண்டு இறங்குபவை. இரண்டாம் முறை போடும்போது முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்ப வேண்டும். டிக்கென்று பழைய புரியில் உட்கார்ந்ததும் வலப்பக்கம் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புரி தேய்ந்து போகும். ஜப்பானியத் திருகின் கூட்டல் குறிக்கு நம் வீட்டு ஸ்குரூ டிரைவர் சரியாகப் பொருந்தாது, அதற்கென்று உள்ளதைத்தான் வாங்க வேண்டும். சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்து, அது நடுநிலைக்கு வந்த பிறகே அதன் கையை மாட்ட வேண்டும். ஓட்டும்போது முதலில் ரிமோட்டைப் போட்டுப் பிறகு வண்டியைப் போட வேண்டும். அணைக்கும்போது முதலில் வண்டி.

ஒரே இடத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. லித்தியம் பாட்டரி என்றால் சார்ஜ் ஏறும்போது பெரியவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அதில் தப்புச் செய்து கற்றுக்கொள்ள முடியாது, தீப்பிடிக்கும்.

இது பணம் உள்ளவன் பேச்சு என்று சிலர் சொல்லலாம். அதுவும் சரிதான். கிட்டே வேண்டும் என்பதில்லை. ஓடாத சுவர்க்கடிகாரம், செயின் கழன்ற சைக்கிள், பரணில் கிடக்கும் மிக்ஸி எதுவானாலும் போதும். ஒயரை மட்டும் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பிரிக்க இடம் கொடுங்கள். சேரவில்லை என்றால் கடைக்காரர் இருக்கிறார். அன்றும் இருந்தார், எனக்குத்தான் அது தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் பையனை அழைத்துப்போக வந்தான். மொட்டை மாடியில் கார் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தபடி ஓடிக்கொண்டிருந்தது. "நேரா ஓட மாட்டேங்குதே" என்றான். பேரன் ரிமோட்டில் ஒரு சின்ன பொத்தானைத் தொட்டுச் சரிசெய்தான். மகன் குனிந்து வண்டியைக் கையில் எடுத்து, புரட்டி, நெடுநேரம் அடிப்பக்கத்தைப் பார்த்தான். "இந்த ஸ்குரூ லூசா இருக்குடா, அந்த டிரைவரைக் கொடு" என்றான்.

நான் ஒன்றும் சொல்லாமல் காப்பி கொண்டுவரக் கீழே இறங்கிப் போனேன்.