பிள்ளையின் பெட்டியில் கை வைக்குமுன்

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரம் பார்த்து அவர்களுடைய அலமாரியைக் காலி செய்யும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். அப்படிச் செய்யாதவர்கள் நம்மில் மிகக் குறைவு. ஏன் என்று கேட்டால் பதிலும் தயாராக இருக்கிறது: "ஒரே குப்பை, கரப்பான் வருது, எத்தனை தடவைதான் சொல்றது?"

எதைக் குப்பை என்கிறீர்கள்? எறிவதற்கு முன் ஒரு தடவை கொட்டிப் பாருங்கள். கோலிக்குண்டு நாலைந்து இருக்கும். புளியங்கொட்டை, தீப்பெட்டிப் படம், காலி சென்ட் பாட்டில், திருச்செந்தூர் போனபோது பொறுக்கிய சிப்பி, நண்பன் ஊர் மாறிப் போகும்போது கொடுத்த மை தீர்ந்த பேனா, பாடப் புத்தகத்துக்குள் பத்திரப்படுத்திய மயிலிறகு. அந்த மயிலிறகு குட்டி போடும் என்று நம்பி, பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்து வளர்ந்த தலைமுறைதானே நாம்? நமக்கு மறந்துபோனதால் பிள்ளைக்கும் அது ஒன்றுமில்லாமல் ஆகிவிடாது.

சில பொருளை எடுக்கத்தான் வேண்டும். குன்றிமணியை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. துருப்பிடித்த பிளேடும் அப்படித்தான். அவற்றை எடுங்கள், ஏன் எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு எடுங்கள். நான் கேட்பது மற்றதைப் பற்றி. எந்தக் கெடுதலும் செய்யாமல் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடக்கும் பொருளைக் கேட்காமல் எறியும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

இதில் எறிவது ஒரு பங்குதான். ஊரிலிருந்து வந்த பெரியப்பா கிளம்பும்போது பிள்ளை கையில் நூறு ரூபாயை வைத்து அழுத்திவிட்டுப் போவார். ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள், "குடு, அம்மா பத்திரமா வச்சிருக்கேன்" என்று வாங்கிவிடுகிறோம். அந்தப் பணம் பால் கணக்கிலோ கேஸ் சிலிண்டரிலோ போய்ச் சேர்கிறது. பிறந்தநாளுக்கு வந்த பரிசுகளில் பாதியைப் பிரிக்கவே விடுவதில்லை. பீரோவின் மேல்தட்டில் வைத்து, அடுத்த வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வேறு தாள் சுற்றிக் கொடுத்தாகிறது. விலை கூடிய பொம்மை ஷோகேஸுக்குள் போய்விடும். அதை வந்தவர்களுக்குக் காட்டலாம், வாங்கியவள் தொடக்கூடாது.

விருந்துக்கு வந்த வீட்டுக் குழந்தை நம் பிள்ளையின் காரைப் பிடித்துக்கொண்டு அழும்போது நடப்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. "சின்னப் பாப்பாதானே, குடுத்துடு. உனக்கு வேற வாங்கித் தர்றேன்." பிள்ளை மறுக்கிறான். உடனே எல்லோர் முன்னாலும், "சுயநலம் பிடிச்சவன், பகிர்ந்துக்கவே மாட்டான்" என்று பட்டம் கட்டுகிறோம். காரைப் பிடுங்கிக் கொடுத்தும்விடுகிறோம். இதில் யார் என்ன கொடுத்தார்கள்? அவன் கொடுக்கவில்லை, அவனிடமிருந்து பறித்து நாம் கொடுத்தோம். நல்ல பெயர் நமக்கு, இழப்பு அவனுக்கு. தனது என்று ஒன்றை நிம்மதியாக வைத்திருந்த பிள்ளைக்குத்தான் அதை மனமாரக் கொடுக்கத் தெரியும். எந்த நேரமும் பிடுங்கப்படலாம் என்று பழகிய பிள்ளை ஒளித்து வைக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

ஒரு பிள்ளை தானாகக் கொடுத்த பொருளுக்கு என்ன மதிப்பு என்பதைக் காந்தியிடம் பார்க்கலாம். 1915-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய சில மாதங்களில் அவர் சென்னைக்கு வந்தார். ஜார்ஜ் டவுனில் 'இந்தியன் ரிவ்யூ' ஆசிரியர் ஜி. ஏ. நடேசன் வீட்டில் தங்கினார். அந்த ஆண்டு இறுதியில் பம்பாயில் காங்கிரஸ் மாநாடு. அங்கே ஒருநாள் காந்தி மேஜையைக் கலைத்துப் போட்டு எதையோ பரபரப்பாகத் தேடிக்கொண்டிருந்ததை அவருடைய சீடர் காகா காலேல்கர் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். தேடியது ஒரு சின்னப் பென்சிலை. காலேல்கர் தம்முடைய பென்சிலை எடுத்து நீட்டினார். காந்தி வாங்கவில்லை, அந்தப் பென்சில்தான் வேண்டும் என்றார். அது நடேசனின் சின்ன மகன் சென்னையில் அவருக்கு அன்போடு கொடுத்தது, அதைத் தொலைக்க அவருக்கு மனம் வரவில்லை. இருவரும் சேர்ந்து தேடிக் கண்டெடுத்தபோது, அது இரண்டு அங்குலம்கூட இல்லாத துண்டுப் பென்சில்.

சொத்தே வேண்டாம் என்று வாழ்ந்த மனிதர் அவர். ஆனாலும் ஒரு பிள்ளை கொடுத்த துண்டுப் பென்சிலுக்காக மாநாட்டு வேலையை நிறுத்திவிட்டுத் தேடினார். நாம் அதே அளவுத் துண்டுப் பென்சிலைப் பெருக்கும்போது முறத்தில் அள்ளிப் போடுகிறோம்.

"புதுசு வாங்கித் தர்றேன்" என்ற சமாதானத்துக்கு வருகிறேன். இதை நாம் உண்மையாகவே பரிகாரம் என்று நம்புகிறோம். ஆய்வாளர்கள் புரூஸ் ஹூடும் பால் புளூமும் 2008-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பெட்டியைக் காட்டி, எந்தப் பொருளை வைத்தாலும் அச்சு அசலாக இன்னொன்று செய்து தரும் இயந்திரம் என்று நம்ப வைத்தார்கள். சாதாரண பொம்மை என்றால் புதிதாக வந்ததை எடுத்துக்கொள்ளப் பல பிள்ளைகளுக்குத் தயக்கமில்லை. தினமும் கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மையோ போர்வையோ என்றால் கதை மாறியது. சிலர் அதை இயந்திரத்துக்குள் வைக்கவே சம்மதிக்கவில்லை. வைத்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் பழையதையே திருப்பிக் கேட்டார்கள். நூலுக்கு நூல் ஒன்றாக இருந்தாலும் அது இது இல்லை என்பது மூன்று வயதுக்கே தெரிகிறது.

அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் இதைக் கூர்ந்து கவனித்து எழுதினார். 1953-இல் அச்சான அவருடைய கட்டுரை, குழந்தை விடாமல் இழுத்துக்கொண்டு திரியும் அழுக்குத் துணியைப் பற்றியது. தாயை விட்டு விலகி நிற்கப் பழகும் காலத்தில் குழந்தை பிடித்துக்கொள்ளும் முதல் உடைமை அது என்றார். அதைத் துவைப்பதுகூடக் குழந்தையின் அனுபவத்தில் ஒரு முறிவை உண்டாக்கலாம் என்று எச்சரித்தார். நம் வீடுகளில் இந்தத் துணி பெரும்பாலும் அம்மாவின் பழைய நூல் புடவை, அல்லது பாட்டியின் புடவைத் தலைப்பு. "இவ்வளவு பெருசாயிட்டே, இன்னும் இந்தக் கந்தலா?" என்று கேலி செய்து பிடுங்குகிறோம். காலம் வந்தால் பிள்ளை தானே விட்டுவிடும் என்று வின்னிகாட் சொன்னதை நம்பிப் பொறுத்திருக்க நமக்கு முடிவதில்லை.

மனிதன் தன் பொருளின் மேல் தன் அடையாளத்தைப் போடுவது நேற்று வந்த பழக்கமில்லை. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' என்று தமிழி எழுத்தில் கீறியிருக்கிறது. கடல் கடந்து எகிப்தின் செங்கடல் கரையில் குசைர் அல்-காதிமில் கிடைத்த ஓடுகளில் 'கணன்', 'சாதன்' என்ற பெயர்கள். ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்னால் அவ்வளவு தூரம் போன மனிதர்கள், இது என் பானை என்று பெயர் கீறி வைத்திருந்தார்கள். அவர்கள் மன்னர்களோ புலவர்களோ அல்லர். அந்த ஓட்டைத் தவிர அவர்களைப் பற்றி நமக்கு வேறு தடயம் கிடையாது. அதே கீழடியில் பகடைக் காய்களும், ஓட்டை உருட்டித் தேய்த்துச் செய்த வட்டச் சில்லுகள் நூற்றுக்கணக்கிலும் கிடைத்திருக்கின்றன. இன்று அவை அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுகிறோம், சந்தோஷம். திரும்பி வந்து அவர்கள் பாண்டி விளையாடும் சில்லை ஜன்னல் வழியாக வீசுகிறோம்.

பெயரிடுவதில் நாமும் சளைத்தவர்கள் இல்லை. எவர்சில்வர் தம்ளர் வாங்கினால்கூடக் கடையிலேயே பெயர் வெட்டி வாங்குகிறோம். ஜூன் மாதம் வந்தால் பிரவுன் அட்டை போட்டு ஒவ்வொரு நோட்டிலும் லேபிள் ஒட்டி, பிள்ளையின் பெயரை முத்து முத்தாக எழுதுகிறோம். முழுப் பரீட்சை முடிந்ததும் அதே நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடுகிறோம். கடைசிப் பக்கத்தில் அவள் வரைந்த படம் இருக்கிறதா, தோழிகள் கையெழுத்து இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பவர் யார்?

ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருக்கிறது. அணுகுண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 6 காலையில் நான்கு வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவன் அதை ஓட்டிக்கொண்டிருந்தான். அன்று இரவே இறந்துபோனான். தனியே தூரத்துக் கல்லறையில் அவனை விட்டுவர அப்பாவுக்கு மனம் வரவில்லை. வீட்டுக் கொல்லையிலேயே, அவனுக்குப் பிடித்த அந்தச் சைக்கிளோடு புதைத்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து 1985-இல் எலும்புகளை எடுத்துக் குடும்பக் கல்லறைக்கு மாற்றியபோது சைக்கிளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். ஊரே சாம்பலான நாளிலும் அது தன் மகனுடையது என்பதை அந்த அப்பா மறக்கவில்லை. எல்லாம் நன்றாக இருக்கும் வீட்டில், உயிரோடு ஓடித் திரியும் பிள்ளைக்கு அதே மரியாதையை நாம் தர மறுக்கிறோம்.

வீட்டில் பொருள் குறையக் குறைய நிம்மதி என்று சொல்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். அவர்கள் மேற்கோள் காட்டும் ஜப்பானியர் மரீ கோண்டோவே, குடும்பத்தாரின் பொருளை அவர்களுக்குத் தெரியாமல் எறியாதீர்கள் என்றுதான் தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். குறைக்க வேண்டுமானால் நம்முடையதிலிருந்து தொடங்கலாம். பரண் முழுக்கக் கிடக்கும் டிவி அட்டைப்பெட்டியும், உடைந்த மிக்ஸி ஜாரும், ஒருநாள் உதவும் என்று அடுக்கிய ஐஸ்கிரீம் டப்பாவும் பிள்ளை சேர்த்தவை இல்லை. பிள்ளையின் அறையில் பொம்மை நிரம்பி வழிகிறது என்றால் அதையும் வாங்கிக் குவித்தது நாம்தான். நேரம் கொடுக்க முடியாத வாரங்களுக்கு ஈடாக ஆன்லைனில் வாங்கிப் போட்டோம். அவள் கேட்டு வந்ததில்லை, தேர்ந்து எடுத்ததுமில்லை. அதனால்தான் அவற்றை அப்படியே போட்டுவிட்டு நாலு புளியங்கொட்டையை டப்பாவில் போட்டு மூடி வைக்கிறாள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமான மறுமாதமே அவளுடைய மேஜை தம்பிக்குப் போகிறது, அவள் கோப்பையும் ஷீல்டும் சாக்கில் ஏறுகின்றன. அவளுக்கென்று கொடுத்தனுப்பிய நகையும் பாத்திரமும் புகுந்த வீட்டில் யார் யார் கையிலோ இருக்கின்றன. சீதனம் முழுக்க முழுக்கப் பெண்ணின் சொந்தச் சொத்து, கணவன்கூட அதற்குப் பங்காளி ஆக முடியாது என்று பிரதிபா ராணி வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் "இது என்னுடையது, கேட்காமல் எடுக்காதீர்கள்" என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு வாய் வர வேண்டுமே? எட்டு வயதில் தன் வளையல் பெட்டியைப் பற்றி அப்படிச் சொன்னபோது "வாயாடி" என்று தலையில் குட்டியது நாம்தான். இருபத்தெட்டு வயதில் அவள் பேசாமல் நிற்பதைக் கண்டு வருத்தப்பட்டு என்ன பயன்?

நம் பண்பாட்டில் பொருளை மதிக்கும் வழி இல்லாமல் இல்லை. ஆயுத பூஜையன்று அரிவாள்மனைக்கும் தையல் மிஷினுக்கும் ஆட்டோவுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். பிள்ளைகள் தங்கள் புத்தகத்தையும் பேனாவையும் தாங்களே கொண்டுவந்து அடுக்குகிறார்கள். கொலு வைக்கும் வீடுகளில் கொள்ளுப்பாட்டி காலத்து மரப்பாச்சியை மூக்கு தேய்ந்தாலும் எறிவதில்லை. துணி சுற்றி ட்ரங்குப் பெட்டியில் வைத்து ஆண்டுதோறும் எடுக்கிறோம். உழைப்பும் நினைவும் ஏறிய பொருளை எப்படி நடத்த வேண்டும் என்று நமக்கு நன்றாகவே தெரியும். அந்த மரியாதையை ஒரு பத்து வயதுப் பையனின் காம்பஸ் பாக்ஸுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இடம் பெரிதாகத் தேவையில்லை. ஒற்றை அறை வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் ஒரு ஷூ பெட்டிக்கு இடம் இருக்கும். அதை இன்றைக்கே கொடுங்கள். பெயரை அவனே எழுதட்டும். உள்ளே என்ன வைக்க வேண்டும் என்பதை அவன் முடிவு செய்யட்டும். நிறைந்துவிட்டால் எதை எடுப்பது என்று அவனிடமே கேளுங்கள்; நேரம் எடுத்துக்கொள்வான், காத்திருங்கள். விருந்தாளி வீட்டுக் குழந்தை அழுதால் நீங்கள் தூக்கிச் சமாதானம் செய்யுங்கள், உங்கள் பிள்ளையின் கையை விரிக்காதீர்கள். பெரியப்பா கொடுத்த பணத்தை வாங்கி வைத்தால் எழுதி வையுங்கள், கேட்கும்போது கொடுங்கள். ஏற்கெனவே எறிந்த பொருளைப் பற்றி உங்கள் பிள்ளை இன்னமும் கேட்டுக்கொண்டிருந்தால், "எங்க போச்சோ, எனக்குத் தெரியாது" என்று பொய் சொல்லாதீர்கள். எறிந்துவிட்டேன் என்று உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள்.