வாத்தியம் தானமா, பொதுச் சொத்தா?

மில் தொழிலாளர் குடியிருப்புகளிலும் கிராமத்துக் காலனிகளிலும் உள்ள பிள்ளைகளுக்கு இலவசமாக வாத்தியம் கொடுத்து, இலவசமாகவே பயிற்சியும் அளிக்க ஊர்ப் பொதுவில் ஒரு ஸ்தாபனம் தொடங்க வேண்டும் என்று ஒரு தோழர் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்லட்டும். உடனே என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். ஒருவர், "கூலி உயர்வுக்கே வழியைக் காணோம், பீப்பிக்கும் மேளத்துக்கும் இப்போது என்ன அவசரம்?" என்பார். இன்னொருவர், "நல்ல காரியம்தான். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரைப் பிடித்தால் நாளைக்கே பத்து வயலின் வாங்கிக் கொடுத்துவிட மாட்டாரா?" என்பார். இரண்டு பேரும் நல்ல எண்ணத்துடன்தான் பேசுகிறார்கள். ஆனால் இரண்டு பேர் சொல்வதும் நமக்குச் சம்மதமில்லை.

முதலில் பேசியவரின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். நடவு நடும் பெண்கள் பாட்டில்லாமல் நட்ட காலம் உண்டா? ஏற்றம் இறைத்தவன் பாடினான். தாலாட்டும் ஒப்பாரியும் நம் வீட்டுப் பெண்களின் சொத்து. பாட்டுக்கு நமக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. பஞ்சமெல்லாம் கருவிக்கும், சொல்லிக் கொடுக்கும் ஆசானுக்கும், கற்றுக்கொள்ளும் நேரத்துக்கும்தான். ஒரு நல்ல தவிலோ நாதசுரமோ வாங்க வேண்டுமானால் விவசாயக் கூலி ஒருவர் பல வாரக் கூலியை அப்படியே எடுத்து வைக்க வேண்டும். உலை கொதிக்கிற வீட்டில் அது நடக்கிற காரியமா? ஆகவே கூலிப் பிரச்னை வேறு, வாத்தியப் பிரச்னை வேறு என்று பிரித்துப் பேசுவதற்கில்லை. பசி தீர்ந்த பிறகுதான் பாட்டு என்று நம் முன்னோர் காத்திருந்திருந்தால் தமிழ்நாட்டில் ஒரு நாட்டுப்பாடல்கூட மிஞ்சியிருக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வாத்தியங்களையெல்லாம் செய்கிற கை யாருடைய கை என்பதுதான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதசுரம் செய்கிறார்கள். பச்சை மரம் உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற, ஆண்டுக்கணக்கில் உலர்ந்த உத்திரமும் தூணும்தான் வேண்டும். 2022-ல் அந்த ஊர் நாதசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மானாமதுரையில் குயவர் குடும்பங்கள் மண்ணைப் பிசைந்து, தட்டி, சுட்டுக் கடம் செய்கின்றன. மிருதங்கத்துக்குத் தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, மூட்டிக் கொடுக்கிற குடும்பங்களில் மிகப் பல தாழ்த்தப்பட்ட சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்குப் போனவை. மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலும் சேர்ந்தால்தான் மிருதங்கம் பேசும். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-ல் இந்தத் தொழிலாளர்களைப் பற்றியே ஓர் ஆங்கிலப் புத்தகம் எழுதினார். சபையில் வித்வானுக்குச் சால்வை போடுகிறார்கள். தோல் மூட்டியவரின் பெயரைச் சபையில் எத்தனை பேர் அறிவார்கள்? அவர் வீட்டுப் பிள்ளைக்கு மிருதங்கம் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்?

பறையின் கதை வேறு. வாத்தியம் கிடைக்கவில்லை என்பதல்ல அங்கே குறை. வேண்டாம் என்றாலும் கழுத்தில் மாட்டிவிட்டார்கள் என்பதுதான் குறை. சாவுக்கு அடி, ஊர்ச் செய்திக்கு அடி என்று சாதியின் பெயரால் கட்டளையிட்டார்கள். "இனி அடிக்க மாட்டோம்" என்று பறையைக் கீழே போட்டதும் ஒரு போராட்டம்தான். பின்னர் அதே பறையை, யாருடைய ஏவலுக்கும் அல்லாமல் தங்கள் சொந்தக் கலையாக மீண்டும் கையில் எடுத்ததும் ஒரு போராட்டம்தான். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறையெடுத்து ஆடினார்கள். மதுரை வட்டாரத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆகவே நாம் தொடங்கப்போகும் பயிற்சிக் கூடத்தில் வயலின் மாடியிலும் பறை வாசலிலும் இருக்கக் கூடாது. ஒரே அறை, ஒரே பாய். மேல்தெருப் பிள்ளை பறை பழகட்டும், காலனிப் பிள்ளை வயலின் பழகட்டும்.

இனி, பெரிய மனிதரைப் பிடிக்கலாம் என்கிறவருக்கு வருவோம். பஞ்சாலைத் தொழிலாளிகள் கேட்க வேண்டிய ஒரு சேதி இங்கிலாந்தில் இருக்கிறது.

நம் ஊர்க் கல்யாண ஊர்வலத்தில் வருகிற பேண்டு செட்டை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இங்கிலாந்தின் வடபகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் ஆலைத் தெருக்களிலும் சுரங்கக் கிராமங்களிலும் பித்தளை வாத்தியங்களைக் கொண்ட இப்படிப்பட்ட பேண்டுக் குழுக்கள் நூற்றுக்கணக்கில் கிளம்பின. பகலெல்லாம் தறியிலும் நிலக்கரியிலும் வேலை, மாலையில் ஊதுகுழல். யார்க்ஷயரில் குவீன்ஸ்பரி என்ற ஊரில் பிளாக் டைக் மில்ஸ் என்று ஒரு நெசவாலை. அதன் முதலாளி ஜான் ஃபாஸ்டர் 1855-ல் ஊர்க் குழுவைத் தம் ஆலையோடு சேர்த்துக்கொண்டு உதவி செய்தார். ஆலையில் நெய்த துணியிலேயே குழுவுக்குச் சீருடை. குழுவுக்கு ஆலையின் பெயர். உலகப் புகழ் பெற்ற அந்தக் குழு இன்றும் வாசிக்கிறது. அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. கேட்டவர்கள் சொக்கிப்போகும் வாசிப்பு அது. ஆனால் சீருடையில் யாருடைய துணி, மேடையில் யாருடைய பெயர் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாளி தருகிற வாத்தியத்தோடு முதலாளியின் விளம்பரப் பலகையும் கூடவே வரும். அவருடைய லாபம் குறையும் அன்றைக்கு முதலில் குறைவது எது என்று நாம் சொல்ல வேண்டுமா?

அதே யார்க்ஷயரில் கிரைம்தோர்ப் சுரங்கத்துக்கும் ஒரு குழு உண்டு, 1917-ல் தொடங்கியது. 1992 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசாங்கம் 31 சுரங்கங்களை மூடப்போவதாக அறிவித்தது. சில நாட்களுக்குள் அந்தத் தொழிலாளிகள் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்துக்குப் போய் தேசியப் போட்டியில் முதல் பரிசை வென்று வந்தார்கள். 1993-ல் சுரங்கம் மூடப்பட்டது. குழு மட்டும் மூடப்படவில்லை. 1996-ல் வந்த 'பிராஸ்டு ஆஃப்' என்ற திரைப்படம் அந்தக் கதையைத் தழுவியதுதான். டர்ஹாம் பகுதியில் 1871-ல் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் விழா இன்றும் ஜூலை மாதத்தில் நடக்கிறது. ஒவ்வொரு கிளைச் சங்கத்தின் கொடிக்கும் முன்னே ஒரு பேண்டு நடக்கும். அந்த வட்டாரத்தில் இன்று தோண்டுகிற சுரங்கம் ஒன்றுகூட இல்லை. இருந்தும் கொடியும் பேண்டும் தெருவில் இறங்குகின்றன. சந்தா கொடுத்து, சில்லறை சேர்த்து வளர்த்தவர்கள் அவற்றைத் தங்களுடையது என்று நினைக்கிறார்கள், அவ்வளவுதான் ரகசியம்.

நன்கொடையே வாங்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கும் ஆர்மோனியத்தை ஒருவர் கொடுத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்வோம். பணம் கொடுத்தாலும் ரசீது கொடுத்து வாங்குவோம். ஆனால் நிர்வாகம் யார் கையில் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. இங்கே சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அறக்கட்டளை என்று பதிவு செய்தால், பத்திரம் எழுதுகிறவர் வைத்ததே விதி. தம் மகனையும் மருமகனையும் அறங்காவலராகப் போட்டுக்கொள்ளலாம், யாரும் கேட்க முடியாது. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்தால் ஏழு பேர் போதும். உறுப்பினர் கூடிப் பொதுக்குழு நடத்தி, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து, வரவு செலவைத் தணிக்கை செய்து மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். நமக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும். பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரே உறுப்பினராகட்டும். சந்தா மாதம் ஐந்து ரூபாய் என்றாலும் இருக்கட்டும். கொடுக்கிறவனுக்குத்தான் கணக்குக் கேட்கத் துணிச்சல் வரும்.

வாத்தியத்தைப் பிள்ளை கையில் சொந்தமாகவே கொடுத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். தென்னமெரிக்காவில் பராகுவே நாட்டுத் தலைநகர் அசுன்சியோனின் குப்பையெல்லாம் கொட்டப்படும் இடம் கத்தேயுரா. குப்பை பொறுக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. 2006-ல் வேலையின் பொருட்டு அங்கே வந்த ஃபாவியோ சாவேஸ் என்பவர் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். பிள்ளைகள் அதிகம், வாத்தியம் கொஞ்சம். அப்போது நிக்கோலாஸ் கோமஸ் என்ற குப்பைத் தொழிலாளி தகர டப்பாவையும் மரத்துண்டையும் பழைய முட்கரண்டியையும் சேர்த்து வயலின் செய்து காட்டினார். வறுமையிலும் திறமை என்று உலகமே புகழ்ந்தது, படமும் எடுத்தார்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. கடையில் வாங்கிய நல்ல வயலின் அந்தப் பேட்டையில் ஒரு வீட்டைவிட விலை அதிகம்; அதைக் குழந்தை கையில் கொடுத்தனுப்புவதே ஆபத்து என்று சாவேஸ் சொன்னார். நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் காதிலிருக்கும் தோடு அடகுக் கடைக்குப் போகிற வீட்டில் வயலின் மட்டும் தப்புமா? அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? ஆகையால் வாத்தியம் சங்கத்தின் பொதுச் சொத்தாகவே இருக்கட்டும். வாசகசாலையில் புத்தகம் எடுப்பதுபோல் எழுதி வைத்து எடுத்துப் போகட்டும், பழகட்டும், வளர்ந்த பிறகு அடுத்த பிள்ளைக்குத் திருப்பிக் கொடுக்கட்டும்.

இன்னொரு விஷயம், எல்லாவற்றையும்விட நமக்குக் கவலை தருவது. வெனிசுவேலாவில் 1975-ல் ஹோஸே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய இலவச இசைக் கல்வி இயக்கத்தைப் போல உலகில் புகழ் பெற்றது வேறில்லை. அரசாங்கப் பணத்தில், லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு நடந்தது. அதைப் பற்றி 2017-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 16 மையங்கள், 2,914 பிள்ளைகள். அதில் தெரிந்தது என்ன? அந்தப் பிரதேசங்களில் ஏழைகள் 46.5 சதவிகிதம், வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் ஏழைகள் 16.7 சதவிகிதம் மட்டுமே. கதவு திறந்துதான் இருந்தது, காசும் கேட்கவில்லை. ஆனாலும் மிக ஏழைப் பிள்ளை உள்ளே வரவில்லை. ஏன்? அந்தப் பிள்ளைக்குத் தம்பியைத் தூக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை அடுப்பைப் பார்க்க வேண்டும். நம் தெருவிலும் இதே கதைதான். "இலவசம்" என்று போர்டு எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தால் மேஸ்திரி வீட்டுப் பிள்ளையும் குமாஸ்தா வீட்டுப் பிள்ளையும் வரும். அவர்களும் வரட்டும், தடையில்லை. ஆனால் நாம் யாருக்காகத் தொடங்கினோமோ அவர்களைத் தேடி வீடு வீடாகப் போக வேண்டும். நடவும் அறுப்பும் நடக்கிற வாரங்களில் வகுப்பை இரவுக்கு மாற்ற வேண்டும். ஷிப்டு மாறும்போது நேரமும் மாற வேண்டும். தம்பியைத் தூக்கிக்கொண்டே வரலாம் என்று சொல்ல வேண்டும். சுண்டலும் டீயும் இருந்தால் இன்னும் நல்லது. பசித்த வயிறு நாதசுரம் ஊதாது. மில் விடுதிகளில் அடைபட்டிருக்கும் இளம் பெண்களுக்கு விடுமுறை நாளில் ஒரு வகுப்பு வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மோடு மில்லில் நிற்கிற வாலிபர்களில் டோலக் தெரிந்தவர் இருப்பார். அவரை ஆசானாகவே உட்கார வையுங்கள்.

ஆசான் என்றதும் ஞாபகம் வருகிறது. பிள்ளைக்குத்தான் இலவசம், ஆசானுக்கு அல்ல. தொண்டு, சேவை என்று சொல்லி நாதசுரக்காரரையும் தவில்காரரையும் வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் நம் கூடத்தில் நுழையக் கூடாது. முகூர்த்தமில்லாத மாதங்களில் அடுப்பெரியாமல் தவிக்கிற கலைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்த மாதங்களில் வகுப்பெடுத்தால் அவர்களுக்கும் பிழைப்பு. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனை நாம் மறக்க முடியாது. அவரே சினிமா வாத்தியக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர். அவரே 1970-களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவையும் அமைத்து, ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளைச் சேர்ந்து பாட வைத்தவர். 1988-ல் லட்சத்தீவில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கப் போன இடத்திலேயே காலமானார். கலைஞனின் கூலிக்குப் போராடுவதும் குழந்தைக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு பாதி. வாத்தியம் வாங்கப் பணம் சேரும்வரை அவர் வழியில் குரலை வைத்தே தொடங்கலாம்.

அரசாங்கம் செய்ய வேண்டியதை நாம் செய்துவிட்டால் அவர்கள் தப்பித்துக்கொள்வார்களே என்ற ஐயமும் நியாயமானதே. தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் 17. நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம் எல்லாம் அங்கே குறைந்த கட்டணத்தில் சொல்லித் தருகிறார்கள். மிச்ச மாவட்டங்களுக்கும் பள்ளி கேட்பதை நாம் நிறுத்தப்போவதில்லை. நம் கூடத்தில் மூன்று வருடம் பழகிய நாற்பது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனால் அந்தக் கோரிக்கைக்குக் கொஞ்சம் சத்தமும் கூடும்!

கடைசியாக, பேச்சில் பெரும்பாலும் விட்டுப்போகிற சில்லறைச் செலவு. நாதசுரத்தின் சீவாளி தேய்ந்துபோகும். தவிலின் தோல் கிழியும், மழைக்காலத்தில் தளரும். வயலின் தந்தி அறும். வாங்கிக் கொடுத்த நாளில் போட்டோ பிடித்துக்கொண்டவர்கள் சீவாளிக்குக் காசு தர மாட்டார்கள். சேருகிற பணத்தில் ஒரு பங்கை முதல் நாளிலேயே ரிப்பேருக்கென்று தனியே எழுதி வையுங்கள். தோல் மூட்டத் தெரிந்த தொழிலாளியை மாதம் ஒரு முறை கூடத்துக்கே அழைத்து, பிள்ளைகள் பார்க்க வேலை செய்யச் சொல்லி, கூலி கொடுத்து அனுப்புங்கள். வாத்தியப் பெட்டிக்கு இரண்டு சாவி போடுங்கள். ஒன்று காரியதரிசியிடம் இருக்கட்டும். மற்றது பயிற்சிக் கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஒரு தாயிடம் இருக்கட்டும். காரியதரிசி இரவு ஷிப்டில் இருக்கிற அன்றைக்கும் பிள்ளைகள் கதவைத் தட்டலாம்.