டோக்கன் கேட்கிறவர்

சில ஆண்டுகளுக்கு முன், மழை பெய்து ஓய்ந்திருந்த ஓர் இரவில், பதினொன்றரை மணிக்கு மேல், பிரயாண அலுப்போடு ரயிலைவிட்டு இறங்கி, மூன்று நாட்களுக்கு முன்பு ஸ்டேஷன் வாசலிலுள்ள ஸ்டாண்டில் விட்டுச் சென்றிருந்த என் ஸ்கூட்டரை எடுக்கப் போனேன். வண்டி இருந்தது, சாவியும் கையில் இருந்தது, டோக்கனைத்தான் காணவில்லை. மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்து குறுக்கே நின்றார். சாவியைத் தூக்கிக் காட்டினேன். “சாவி யார்கிட்ட வேணும்னாலும் இருக்கும் சார், சீட்டு உங்ககிட்டதானே இருக்கணும்?” என்றார். அதன்பின் என் செல்போனிலிருந்த ஆர்.சி.யை வாங்கிப் பார்த்து, அதிலுள்ள பெயரை டிரைவிங் லைசென்ஸோடு ஒத்துப் பார்த்து, டார்ச் விளக்கைப் பிடித்து நம்பர் பலகையை ஓர் எழுத்து விடாமல் படித்து, நீள நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் நிதானமாக எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு அவர் என்னை வெளியே விடுவதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது. நான் அவரிடம் கடுமையாகவே பேசினேன். அதைச் சொல்லிக்கொள்ள இப்போது கூச்சமாக இருக்கிறது.

கூச்சத்துக்குக் காரணம், பிற்பாடு நான் படிக்க நேர்ந்த ஒரு வழக்கு. 1998-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி இரவு, டில்லியிலுள்ள தாஜ்மகால் ஹோட்டலுக்கு ஒருவர் தம் மாருதி ஜென் காரில் சென்று, சாவியை ஹோட்டல் ஊழியரிடம் கொடுத்து, சீட்டு ஒன்றைப் பெற்றுக்கொண்டு உள்ளே போனார். நள்ளிரவு கடந்து ஒரு மணி வாக்கில் திரும்பி வந்து காரைக் கேட்டபோது, அதை வேறொருவர் ஓட்டிச் சென்றுவிட்டதாகச் சொன்னார்கள். நடந்தது இவ்வளவுதான்: தனியாக வேறொரு காரில் வந்திருந்த மூன்று இளைஞர்கள் தங்கள் வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள், அந்தச் சந்தடியில் ஒருவன் மேசைமேல் கிடந்த இந்தக் காரின் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பூட்டை உடைக்கவில்லை, கண்ணாடியை நொறுக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. சாவி அவனுடையதுதானா என்று மேசையருகே ஒருவர் கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை.

சீட்டின் பின்புறம், வண்டியை நிறுத்துவது விருந்தினரின் சொந்தப் பொறுப்பு என்று அச்சிட்டிருந்தார்கள். நுகர்வோர் மன்றங்களைக் கடந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன அவ்வழக்கில் 2019 நவம்பர் 14 அன்று, சம்பவம் நடந்து இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பின்பு தீர்ப்பு வந்தது. தன் ஊழியரின் அஜாக்கிரதையால் வண்டி களவு போனபின், அந்த அச்சடித்த வாசகத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஹோட்டல் தப்பித்துக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். இது புதிய தர்மமும் அல்ல. பிறர் பொருளைப் பொறுப்பேற்று வாங்கி வைத்திருப்பவன், சாதாரண விவேகமுள்ள ஒருவன் அதே அளவும் மதிப்புமுள்ள தன் சொந்தப் பொருளை எப்படிப் பாதுகாப்பானோ அப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆவது பிரிவு சொல்லியிருக்கிறது. சாவியைக் கொடுக்காமல் நாமே நிறுத்திவிட்டு வரும் இடங்களுக்கெல்லாம் அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. வண்டி உண்மையில் அவர்கள் வசம் போயிற்றா என்பதை அந்தந்தச் சந்தர்ப்பத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் காசு வாங்கி, சீட்டுக் கிழித்துக் கொடுத்து, அந்தச் சீட்டைக் காட்டாமல் வண்டியை வெளியே விடமாட்டோம் என்றும் எழுதிப் போட்டு, பக்கத்திலேயே ‘வண்டிக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று இன்னொரு பலகையையும் மாட்டி வைத்திருப்பவரைப் பார்க்கும்போது, வாங்கிய காசு எதற்காக என்று கேட்கத் தோன்றுகிறது.

இங்கேதான் நம்முடைய குற்றமும் வந்து சேருகிறது. பழைய சினிமாக் கொட்டகைகளின் சைக்கிள் ஸ்டாண்டுகளில் எண் பொறித்த தகர வில்லை ஒன்றைக் கொடுப்பார்கள். வில்லையைத் தொலைத்தவன், ஆட்டம் முடிந்து எல்லாரும் போய்க் கடைசிச் சைக்கிள் மிஞ்சும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் அவமானம் இருப்பதாக அக்காலத்தில் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. இன்று ஒரு ஜவுளிக்கடை அடித்தளத்திலோ, ஆஸ்பத்திரி வளாகத்திலோ வெளியே போகும் வழியில் ஒருவர் கையை நீட்டி டோக்கனைக் கேட்டால், பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறோம். ‘என்னையே சந்தேகப்படுகிறாயா’ என்கிற தொனியில் முறைக்கிறோம். பத்துப் பேர் முறைத்தால் பதினோராவது ஆளை அவர் கேட்கமாட்டார். அந்தப் பதினோராவது ஆளாகத்தான் திருடன் வருகிறான். அவன் பதுங்கி வருவதில்லை. ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு, செல்போனில் பேசிக்கொண்டே, தன் வண்டியை எடுக்க வந்தவனைப்போல நிதானமாக வருகிறான். கள்ளச்சாவியோ, ஒயரைப் பிடுங்கி இணைக்கிற வித்தையோ எதுவானாலும், உள்ளேயிருந்து வெளியே வருவதற்கு அவனும் அந்த ஒரே வாயிலைத்தான் கடந்தாக வேண்டும்.

சைடு லாக் போட்டுவிட்டு ஹேண்டிலை ஒருமுறை அசைத்துப் பார்ப்பது, சக்கரத்துக்குத் தனிப்பூட்டுப் போடுவது, சாவியை வண்டியிலேயே மறந்துவிடாமல் இருப்பது ஆகியவை எல்லாரும் அறிந்தவை. அதிகம் பேர் செய்யும் தவறு வேறு. வங்கியில் எடுத்த பணத்தையும் நகையையும் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில் வைத்துவிட்டு, ‘ஒரு நிமிஷம்தானே’ என்று கடைக்குள் நுழைவது. வங்கி வாசலிலிருந்தே பின்தொடர்ந்து வந்தவனுக்கு அந்த ஒரு நிமிஷம் தாராளம். கீழே ரூபாய் நோட்டுக் கிடக்கிறது என்றோ, டயரில் காற்று இல்லை என்றோ முன்பின் தெரியாதவர் சொன்னால், குனிவதற்கு முன்பு பையைத் தொட்டுப் பாருங்கள்.

காமிராவை நம்பலாமே என்பார்கள். சென்னையில் ஏ.கே. விஸ்வநாதன் போலீஸ் கமிஷனராக இருந்தபோது ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் தெருத்தெருவாகக் காமிராக்கள் பொருத்தப்பட்டதையும், குற்றவாளிகளைப் பிடிக்க அவை பெரிதும் உதவியதையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் காமிரா, நடந்ததைப் பிற்பாடு சொல்லும் சாட்சி. ‘நில்லுங்கள்’ என்று சொல்ல அதற்கு வாயில்லை. காமிராவைப் பொருத்திய கையோடு காவலாளைக் குறைத்துவிடும் நிர்வாகங்கள் சிக்கனம் செய்வதாக எண்ணிக்கொள்கின்றன.

வண்டி போனால் போகட்டும், இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். இரண்டாம் அடித்தளத்தில், பாதி விளக்குகள் எரியாத தூண்களுக்கு நடுவே, இரவு ஷிப்ட் முடிந்து தனியே நடந்துவரும் ஒரு பெண்ணின் மனநிலையை யோசித்துப் பாருங்கள். செல்போனுக்குச் சிக்னல்கூடக் கிடைக்காத அந்த ஆழத்தில், பலகையில் எழுதி வைத்திருக்கும் எந்த உதவி எண்ணும் பயன்படாது. என் மகளுக்கு நான் சொல்லியிருப்பது சொற்பமே: வாயிலுக்கும் வெளிச்சத்துக்கும் பக்கத்தில் நிறுத்து, படியிறங்கும் முன்பே சாவியைக் கையில் எடுத்துக்கொள், காரில் ஏறியதும் கதவைப் பூட்டிக் கிளம்பு, உட்கார்ந்துகொண்டு போனைப் பார்க்காதே, மனத்துக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால், காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் மேலே திரும்பிப் போய்க் காவலாளியைத் துணைக்குக் கூப்பிடு. கூப்பிடுவதற்குக் காவலாளி ஒருவர் இருக்க வேண்டுமே என்றாள் அவள். பதில் சொல்ல என்னால் இயலவில்லை.

வண்டி களவு போய்விட்டால், நாமே தேடிப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தாமல் உடனே போலீசில் புகார் கொடுத்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிட வேண்டும். இழப்பீடு கேட்கும்போது அவர்கள் வண்டியின் இரண்டு சாவிகளையும் கேட்பார்கள் என்பது பலருக்கும் அப்போதுதான் தெரியவருகிறது. களவாடிய வண்டியில் போய்ச் சங்கிலி பறிப்பவர்கள் உண்டு; தாமதமாகும் ஒவ்வொரு நாளும் அந்த நம்பர் உங்கள் பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஸ்டாண்டுகளை ஏலத்துக்கு விடும் நகராட்சிகளுக்கும் ரயில்வே நிர்வாகத்துக்கும் ஒரு விண்ணப்பம். யார் அதிகத் தொகை கேட்கிறார் என்று பார்ப்பதோடு நில்லாமல், வெளியேறும் வாயிலில் இரவு பகலாகச் சீட்டைச் சரிபார்க்க ஆள் இருப்பார் என்பதையும், எரியாத விளக்கு மறுநாளே மாற்றப்படும் என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாக எழுதுங்கள். ‘பொறுப்பல்ல’ என்ற பலகையை அகற்றச் சொல்லுங்கள். அன்றிரவு டோக்கன் கேட்டு என்னை நிறுத்திய அந்தப் பெரியவர் இப்போது எங்கள் ஊர் ஸ்டேஷன் ஸ்டாண்டில் இல்லை. சென்ற வாரம் நான் டோக்கனை நீட்டியபோது, அங்கிருந்த பையன் செல்போனிலிருந்து தலை நிமிராமலே, போகலாம் என்று கையை அசைத்தான்.