இரண்டரை ஏக்கரில் நடந்ததை மறந்துவிட்டுப் பேசாதீர்கள்

துல்லியப் பண்ணையம் பெரிய நிலக்காரர்களுக்கானது; சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது; மானியம் இருக்கும்வரைதான் ஓடும்; நம் விவசாயிகள் புதுமைக்குத் தயங்குகிறவர்கள். இந்த நான்கையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். வேறு ஊரில் சொன்னால் கூடப் பரவாயில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர்ப் பக்கம் நின்று சொல்வது, இந்த மண்ணில் நடந்ததையே மறுப்பதாகும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2004-05இல் துல்லியப் பண்ணையத் திட்டத்தைத் தொடங்கியது தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில்தான். மூன்று ஆண்டுகள், 400 ஹெக்டேர், 7.2 கோடி ரூபாய். ஒரு விவசாயிக்கு ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர். தமிழ்நாட்டின் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர் என்பதால் இது அதைவிடச் சற்றுக் கூடுதல்தான்; ஆனால் இதைப் பெரும்பண்ணை என்று யாரும் சொல்ல முடியாது. உளிக்கலப்பையால் அடிமண் இறுக்கத்தை உடைப்பது, நிழல்வலைக்குள் குழித்தட்டில் நாற்று வளர்ப்பது, சொட்டுநீர்க் குழாய் வழியாகக் கரையும் உரத்தைப் பிரித்துப் பிரித்துக் கொடுப்பது: இவைதான் அந்தத் துல்லியத்தின் அடிப்படை. டிரோன் வாங்க வசதியில்லாதவரும் செய்யக்கூடியவை.

கட்டுப்படியாகுமா? தருமபுரி விவசாயிகளிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில் தக்காளி விளைச்சல் 80 சதவீதமும் கத்தரி 34 சதவீதமும் கூடியிருந்தன. செலவு போக நின்ற மிச்சமோ தக்காளியில் 165 சதவீதம், கத்தரியில் 67 சதவீதம் உயர்ந்திருந்தது. விளைச்சலைவிட மிச்சம்தான் வேகமாக ஏறியது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தண்ணீர் மிச்சமாகும் என்று சொல்லியே அதிகாரிகள் இதை விற்கிறார்கள். பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். மிச்சமான தண்ணீர் பணமாகக் கைக்கு வராது. இங்கு உண்மையான நெருக்கடி கூலியாள் பற்றாக்குறை. ஓசூர், போச்சம்பள்ளி ஆலைகளும் பர்கூர் சிப்காட் தொழிற்பேட்டையும் மாதச் சம்பளம் கொடுக்கும்போது, களையெடுக்க யார் வருவார்கள்? சொட்டுநீரில் செடியின் தூர் மட்டுமே நனைவதால் களை குறைகிறது. உரம் வைக்கவும் தனியாக ஆள் தேட வேண்டாம். விவசாயியின் கணக்கு இதில்தான் நேராகிறது.

மானியம் இல்லாமல் நடந்திருக்குமா என்று கேட்பவர்களுக்கு: முதலாண்டு 100 ஹெக்டேருக்கு முழு மானியம். அடுத்த ஆண்டு 200 ஹெக்டேருக்கு 90 சதவீதம், மூன்றாம் ஆண்டு 100 ஹெக்டேருக்கு 80 சதவீதம். மானியம் குறையக் குறையவும் விவசாயிகள் வந்தார்கள். முதல் பயிரின் செலவைத்தான் திட்டம் ஏற்றது. அடுத்தடுத்த பயிர்களை அவர்கள் கைக்காசில்தான் வைத்தார்கள். 80 சதவீதம் பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் ஆலை தொடங்க வருகிறவர்களுக்கு அரசு முதலீட்டு மானியம் தரும்போது, ஆலை கட்டுப்படியாகாத தொழில் என்று யாரும் முடிவுகட்டுவதில்லையே. அதே அளவுகோலை வயலுக்கும் வையுங்கள்.

தயக்கம் என்ற குற்றச்சாட்டுதான் என்னை அதிகம் வருத்துகிறது. இந்த முறைக்கு மாறாதவர்களுக்குத் தடையாக இருந்தது பணமும் கடன்வசதியும் இல்லாததுதான் என்று 2008இல் வெளியான அதே ஆய்வு சொன்னது. இன்று சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்க் கருவி 100 சதவீத மானியத்தில் கிடைக்கிறது. ஆனால் யூரியா 45 கிலோ மூட்டை 266.50 ரூபாய், குழாயில் விடும் 19:19:19 கரையும் உரமோ கிலோக் கணக்கில் யூரியாவைப்போலப் பல மடங்கு விலை. குழாயைக் கொடுத்துவிட்டு, அதில் ஓட வேண்டியதை விவசாயி தலையில் கட்டியிருக்கிறோம்.

எதிர்த்தரப்பு சொல்லாமல் விடும் குறை ஒன்று உண்டு: விலை. விளைச்சல் கூடினால் ராயக்கோட்டை மண்டிக்கு வரத்தும் கூடும். விலை சரிந்தால் துல்லியம் காப்பாற்றாது. ஆகவே இரண்டு தேவை. உரச் செலவைச் சமாளிக்க, கூட்டுறவுப் பயிர்க்கடன் அளவைக் கரையும் உரத்தின் விலையையும் சேர்த்து நிர்ணயிக்க வேண்டும். விலைச் சரிவைத் தாங்க, மாம்பருவம் முடிந்து சும்மா கிடக்கும் கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைகளைத் தக்காளிக் கூழுக்கும் பயன்படுத்த அரசு வழிசெய்ய வேண்டும்.