ஐந்து வாட் போதாதா?

மின்கிதார் வாசிப்போரிடையே ஒரு மூடநம்பிக்கை நெடுநாளாக உலவி வருகிறது. ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு பெரிதோ கலைஞனும் அவ்வளவு பெரியவன் என்பது அது. அதன் உடன்பிறப்பாக இன்னொன்றும் உண்டு. பெட்டிக்குள் வால்வு இருந்துவிட்டால் போதும். அது எந்த வால்வு, எந்த இடத்தில் இருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்றெல்லாம் கேட்க வேண்டியதில்லை என்பது. இவ்விரண்டையும் நம்பிக் கைப்பொருளை இழப்பவர்கள் வசதி படைத்தவர்கள் அல்லர். விடுதி அறையில் பயிற்சி செய்யும் மாணவர்களும், முதற்சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் இளைஞர்களும்தான். இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்கக்கூடிய நண்பர்களுக்கு நம் விடை ஒன்றே: இது கருவியைப் பற்றிய வழக்கு என்பதைவிடச் சொற்களைப் பற்றிய வழக்கு.

வால்வு ஆம்ப்ளிஃபையரைப் புகழும் எந்தக் கட்டுரையையும் எடுத்துப் பாருங்கள். 'வெதுவெதுப்பான ஒலி', 'உயிருள்ள ஒலி', 'ஆன்மா கொண்ட ஒலி' என்று அடைமொழிகள் அணிவகுத்து நிற்கும். நம் நாவல் விமர்சனத்தில் 'மண்வாசனை' என்ற சொல் பட்ட பாட்டை நாம் அறிவோம். ஒரு காலத்தில் ஏதோ ஒன்றைச் சுட்டிய அச்சொல், பின்னர் எதையும் சுட்டாமல் எல்லா அட்டைகளிலும் ஒட்டப்படும் சீட்டாயிற்று. 'வெதுவெதுப்பு' என்ற சொல்லுக்கும் இன்று அதே கதிதான். எதைச் சொல்கிறோம் என்று தெரியாத இடத்தில் அடைமொழி நுழைகிறது. அடைமொழி நுழைந்த இடத்தில் விலை ஏறுகிறது. ஆகவே சொல்லை விட்டுப் பொருளுக்கு வருவோம்.

வால்வு என்பது காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குப்பி. அமெரிக்கர் அதனை ட்யூப் என்பர். இங்கிலாந்தில் ஃப்ளெமிங் 1904-இல் இரு மின்முனை வால்வை உருவாக்கினார். அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் மூன்றாம் மின்முனையைச் சேர்த்தார். பெருக்கும் ஆற்றல் அதன் வழியே வந்தது. போட்டவுடன் பாடாமல், சூடேறியபின் பாடிய பழைய ரேடியோக்களை நினைவுகூர்வோருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கிதார்க் கலைஞன் இதனை விரும்புவதற்குத் தெளிவான காரணம் ஒன்று உண்டு. தன் எல்லையை நெருங்கும்போது வால்வு சட்டென்று முறிவதில்லை. சிறிது சிறிதாக நெரிபடுகிறது. தந்தியை மெல்லத் தொட்டால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் கரகரப்பாகவும் ஒலி மாறுகிறது. விரலின் அழுத்தத்திற்கு ஒலி உடனடியாகப் பதில் சொல்கிறது. 'உயிர்' என்று கூறப்படுவதெல்லாம் பெரிதும் இதுவே.

இங்கே நம் வாதத்தின் ஆணிவேர் இருக்கிறது. இந்தக் குணம் முழுமையாக வெளிப்படுவது ஆம்ப்ளிஃபையர் உழைக்கும்போதுதான்; வெளியீட்டு வால்வு தன் எல்லையைத் தொட வேண்டும். நூறு வாட் பெட்டியை வாங்கி, அண்டை வீட்டாருக்கு அஞ்சி, ஒலித்திருகை ஒன்றாம் எண்ணிலேயே வைத்திருப்பவர் எதற்காகப் பணம் கொடுத்தாரோ அதனை ஒருநாளும் கேட்பதில்லை. முன்கட்டத்தில் கரகரப்பை உண்டாக்கி, மாஸ்டர் வால்யூமால் ஒலியை அடக்கிக்கொள்ளலாமே என்பர். அடக்கலாம், அதுவும் ஒரு ஒலிதான். ஆனால் அப்போது பெரிய வெளியீட்டு வால்வுகளும் அவற்றுக்கான பெரிய ட்ரான்ஸ்பார்மரும் சும்மா உறங்கும். அந்த உறக்கத்திற்கும் சேர்த்தே விலை கொடுத்திருக்கிறோம்.

அடுத்து, வாட் கணக்கு. ஐம்பது வாட் என்பது ஐந்து வாட்டைப்போல் பத்து மடங்கு உரக்க ஒலிக்கும் என்று எண்ணுவது இயல்பு. காது அப்படிக் கணக்கிடுவதில்லை. ஆற்றல் பத்து மடங்கானால் ஒலியளவு 10 டெசிபல் உயர்கிறது; காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தோன்றும், அவ்வளவே. ஆற்றலை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல்; கூர்ந்து கேட்டால் தெரியும் சிறு வேறுபாடு. பதினைந்து வாட்டுக்கும் முப்பது வாட்டுக்கும் விலையில் உள்ள தூரம் பெரிது, ஒலியில் உள்ள தூரம் இந்த மூன்று டெசிபல்தான். இதே மூன்று டெசிபலை ஸ்பீக்கரை மாற்றியும் பெறலாம். ஒரு வாட் ஆற்றலில் ஒரு மீட்டர் தொலைவில் 97 டெசிபல் தரும் ஸ்பீக்கர்களும் உண்டு. செலஸ்டியனின் வின்டேஜ் 30 போல 100 டெசிபல் தருவனவும் உண்டு. முன்னதை எடுத்துவிட்டுப் பின்னதைப் பொருத்தினால் ஆம்ப்ளிஃபையரின் ஆற்றலை இரட்டித்ததற்கு ஒப்பாகும். வாட் எண் பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஸ்பீக்கரின் உணர்திறன் எண்ணை யாரும் கேட்பதில்லை.

கணக்கை இன்னும் ஓரடி நீட்டுவோம். 97 டெசிபல் ஸ்பீக்கரில் ஐந்து வாட் முழுமையாகப் பாய்ந்தால் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 104 டெசிபல். தொழிலிடச் செவிநலத்துக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம் மட்டுமே. அதாவது, 'விளையாட்டுப் பொருள்' என்று ஏளனம் செய்யப்படும் ஐந்து வாட் பெட்டியே, சிறிய அறையில் முழு ஒலியில் வாசித்தால் சில நிமிடங்களில் அன்றைய அளவைத் தாண்டிவிடும். பயிற்சிக்கு ஐம்பது வாட் வேண்டும் என்பவர் யாருடைய காதை மனத்திற்கொண்டு பேசுகிறார்? செவிப்புலன் போனால் மாற்றுவதற்கு உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் இல்லை.

அப்படியானால் பெரிய பெட்டிகள் ஏன் வந்தன? வரலாறு இதற்குத் தெளிவாக விடை சொல்கிறது. 1965-இல் லண்டனில், தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் முதலானோர் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஜிம் மார்ஷல் நூறு வாட் ஆம்ப்ளிஃபையரை உருவாக்கினார். அன்றைய அரங்க ஒலியமைப்பு குரலுக்கே போதாத நிலையில் இருந்தது. கிதாரைக் கடைசி வரிசைவரை கொண்டுபோகும் பொறுப்பு மேடையில் நிற்கும் பெட்டியையே சார்ந்திருந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் 55,000-க்கும் மேற்பட்டோர் முன் பீட்டில்ஸ் வாசித்தனர். வோக்ஸ் நிறுவனம் அச்சுற்றுப்பயணத்துக்கென நூறு வாட் ஆம்ப்ளிஃபையர்களைச் செய்து கொடுத்திருந்தது. கூச்சலில் அவையும் எடுபடவில்லை. வாட்டை ஏற்றுவது தீர்வன்று என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? உண்மையான தீர்வும் அதே 1965-இல் கைக்கடக்கமாக வந்து சேர்ந்தது: ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்57 ஒலிவாங்கி. சிறிய பெட்டியின் முன் அதனை வைத்து அரங்க ஒலியமைப்பின் வழியே ஒலியை அனுப்பிவிட்டால் அரங்கின் அளவு கிதார்க்காரனின் கவலையாக இருக்காது. நோய் போய் அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. மருந்தை மட்டும் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒலிப்பதிவிலோ சிறிய பெட்டியின் புகழ் பழையது. 1970-இல் மயாமியின் கிரைட்டீரியா கூடத்தில் 'லைலா' இசைத்தொகுப்பைப் பதிவு செய்தபோது எரிக் கிளாப்டன் பயன்படுத்தியவற்றுள் ஃபெண்டர் சாம்ப் இருந்தது. ஏறத்தாழ ஐந்து வாட், ஒரே ஒரு 6வி6 வெளியீட்டு வால்வு, எட்டு அங்குல ஸ்பீக்கர். கற்றுக்கொள்ளும் மாணவருக்கென விற்கப்பட்ட எளிய பெட்டி அது.

எதிர்த்தரப்பில் நேர்மையான வாதம் ஒன்றுண்டு. அதனை மறைப்பது முறையன்று. டிரம்ஸ் வாசிப்பவர் ஓங்கி அடிக்கும்போது ஐந்து வாட் தெளிவான ஒலியைத் தக்கவைக்காது, கரகரப்புக்குள் நழுவிவிடும். ஒலிவாங்கியும் ஒலியமைப்பும் இல்லாத சிறு கூடங்களில் இது மெய்யான இடர்ப்பாடுதான். அங்கு நாம் பரிந்துரைப்பது பதினைந்து, மிஞ்சிப்போனால் இருபது வாட், உணர்திறன் மிக்க பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். 1990-களில் வந்த ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: பதினைந்து வாட், இரண்டு இஎல்84, மூன்று 12ஏஎக்ஸ்7, ஏறத்தாழ பதினான்கு கிலோ. இதனை அதே நிறுவனத்தின் ட்வின் ரிவெர்பின் மறுபதிப்போடு ஒப்பிடுக: 85 வாட், பத்து வால்வு, ஏறத்தாழ 29 கிலோ. ஐம்பது பேர் அமரும் கூடத்திற்கு 29 கிலோவை மாடிப்படியில் சுமந்து ஏறி, ஒலித்திருகை இரண்டுக்குமேல் திருப்ப இயலாமல் நிற்பது கலையாகுமா, தண்டனையாகுமா என்பதை வாசகரே முடிவு செய்யட்டும்.

இனி இரண்டாம் மூடநம்பிக்கை. முகப்பில் சிறு சாளரம் வைத்து, உள்ளே ஒரு வால்வு ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வதைக் காட்டும் பெட்டிகள் பல உள்ளன. முன்கட்டத்தில் மட்டும் ஒரு 12ஏஎக்ஸ்7, வெளியீட்டுக் கட்டம் முழுவதும் ட்ரான்சிஸ்டர். ஆரஞ்சு நிறுவனத்தின் மைக்ரோ டெரர் அவ்வகையைச் சார்ந்தது. கைக்கடக்கமான, பயனுள்ள பெட்டிதான், தன் அமைப்பை அது மறைப்பதுமில்லை. நம் சண்டை பெட்டியோடு அன்று. இதையும் 'வால்வு ஆம்ப்ளிஃபையர்' என்று பொதுப்பெயரிட்டு விற்கும் வாயோடுதான். வெளியீட்டு வால்வு நெரிபடும்போது எழும் குணம் இதில் எழ வழியில்லை. கடையில் கேட்க வேண்டிய கேள்வி 'வால்வு உண்டா?' என்பதன்று, 'வெளியீட்டுக் கட்டத்தில் என்ன வால்வு, எத்தனை?' என்பது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ட்ரான்சிஸ்டர் என்றாலே இழிவு என்போர், ரோலண்ட் ஜேசி-120 என்ற ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் 1975-இல் வந்தது முதல் தெளிந்த ஒலிக்கு உரைகல்லாக நிற்பதையும், பி.பி. கிங் லேப் சீரிஸ் எல்5 என்ற ட்ரான்சிஸ்டர் பெட்டியில் பல காலம் வாசித்ததையும் எங்கே வைப்பார்கள்? 2009-இல் வோக்ஸ் வெளியிட்ட ஏசி4டிவியில் நான்கு வாட்டை ஒன்றாகவும் கால் வாட்டாகவும் குறைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. கால் வாட்டும் 97 டெசிபல் ஸ்பீக்கரில் 91 டெசிபலைத் தொடும் என்பதை மறக்கலாகாது. சுவருக்கு அப்பால் கைக்குழந்தை உறங்கும் அடுக்ககத்தில் வசிப்பவருக்கு எந்த வால்வு ஆம்ப்ளிஃபையரும் பொருந்தாது. காதணியொலிப்பானோடு இயங்கும் சிறு ட்ரான்சிஸ்டர் பெட்டியே அறிவுடைமை. அதில் வெட்கத்திற்கு இடமில்லை.

வாங்குவதோடு செலவு முடிவதுமில்லை. வால்வு தேயும் பொருள். இன்று உலகச் சந்தைக்கு வால்வுகளைத் தருபவை ரஷ்யாவின் சரத்தோவ், ஸ்லொவாக்கியா, சீனா ஆகிய இடங்களிலுள்ள மிகச் சில ஆலைகளே. 2022 மார்ச்சில் ரஷ்யாவின் ஏற்றுமதித் தடை அச்சத்தால் சந்தை தடுமாறியது, விலையும் ஏறியது. ஆகவே வால்வுகளின் எண்ணிக்கை குறைந்ததும், எங்கும் கிடைக்கும் வகையைப் பயன்படுத்துவதுமான பெட்டியே ஏழைக்கு உகந்தது. 2000-களில் வந்து பின்னர் நின்றுபோன எபிஃபோன் வால்வ் ஜூனியர் போன்ற ஐந்து வாட் பெட்டிகளில் இரண்டே வால்வு. பழைய சந்தையில் நல்ல நிலையில் கிடைத்தால் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டி 120 வோல்ட்டுக்கு உரியதா என்று பின்பலகையைப் பார்த்த பின்னரே நம் ஊர் 230 வோல்ட்டில் இணைக்க வேண்டும். ஸ்பீக்கர் இணைப்பின்றி வால்வு ஆம்ப்ளிஃபையரை இயக்கினால் வெளியீட்டு ட்ரான்ஸ்பார்மர் எரிந்துபோகக்கூடும். மின்செருகியை எடுத்த பின்னரும் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். அது உயிரைப் பறிக்கும். பழுது பார்ப்பதை அறிந்தவரிடமே விட்டுவிடுக.

நாம் கூறுவதன் சாரம் எளியது. மேடைப் புராணத்தைப் பார்த்துப் பெட்டி வாங்காதீர்கள். வாசிக்கும் அறையைப் பார்த்து வாங்குங்கள். தனிப் பயிற்சிக்கு ஐந்து வாட், டிரம்ஸோடு சிறு கூடத்திற்குப் பதினைந்து, அதற்குமேல் அரங்கு விரிந்தால் ஓர் ஒலிவாங்கி. மிஞ்சும் பணத்தில் நல்ல ஸ்பீக்கரும், ஒரு மாற்று வால்வுத் தொகுதியும், சில மாதங்களுக்கான ஆசிரியர் கட்டணமும் அடங்கிவிடும். இம்மூன்றும் ஒலியை மாற்றும். முகப்பில் எழுதிய எண் மாற்றுவது, பார்ப்பவரின் புருவத்தின் உயரத்தை மட்டுமே.