விசா வரும்வரை வீட்டை விற்காதீர்கள்



அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அண்ணன், இங்கிருக்கும் தம்பிக்காகப் போடும் குடியேற்ற மனு, ஏறக்குறைய இருபது ஆண்டு இழுக்கிறது. உடன்பிறந்தோர் பிரிவில் உலகம் முழுவதற்கும் ஆண்டுக்கு 65,000 விசாதான். நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பு வேறு.

எங்கள் பீரோவில் இருக்கும் மனு ரசீதில் எழுத்தே மங்கிவிட்டது. அன்று தவழ்ந்த பெண்ணுக்கு இப்போது வரன் வருகிறது. மனு பரிசீலனையில் கிடந்த காலத்தை வயதில் கழித்த பிறகும் 21 தாண்டினால் பிள்ளைகள் பெற்றோருடன் போக முடியாது. கல்யாணம் ஆகிவிட்டாலோ அந்தச் சலுகையும் கிடையாது. ஏஜென்டுகள் இதை வாய்திறந்து சொல்வதே இல்லை!

காசு வாங்கிக்கொண்டு வரிசையை முந்த வைப்பதாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள். மாதந்தோறும் வெளியாகும் விசா புல்லட்டினை நீங்களே பாருங்கள். பாஸ்போர்ட்டில் விசா ஏறும்வரை வேலையை விடவோ வீட்டை விற்கவோ வேண்டாம்.

- ஒரு வாசகி, திருச்சி