சகப்பிணைப்பு வீக்காம்! டயரைக் கேட்டுப் பாருங்க...

சகப்பிணைப்பு என்றதும் நம்ம ஆட்களுக்கு ஞாபகம் வருவது ரெண்டு வட்டம், நடுவில் ஒரு புள்ளி, ஒரு பெருக்கல் குறி. கூடவே கிளிப்பிள்ளை மாதிரி ஒரு வரி: "சகப்பிணைப்புச் சேர்மங்களுக்கு உருகுநிலை குறைவு, ஏனென்றால் சகப்பிணைப்பு பலவீனமானது." ரெண்டு மார்க், டிக், முடிந்தது கதை.

இதில் முதல் பாதி நிறைய சேர்மங்களுக்குச் சரி. "ஏனென்றால்" என்பதற்குப் பிறகு வருவது சுத்தப் பொய்.

ஹைட்ரஜனை எடுத்துக்கொள்வோம். ரெண்டு அணுக்கள், ஆளுக்கு ஒரு எலக்ட்ரான். பக்கத்தில் வந்ததும் ரெண்டு எலக்ட்ரானையும் ரெண்டு அணுக்கருவும் சேர்ந்து இழுக்கின்றன. தனித்தனியாக இருந்ததைவிட மொத்த ஆற்றல் குறைகிறது. பங்கீடு என்பது இவ்வளவுதான். அணுவுக்கு ஆசையும் கிடையாது, தியாகமும் கிடையாது. எலக்ட்ரான் ஜோடி என்ற யோசனையை லூயிஸ் 1916-ல் சொன்னார். அது ஏன் நிலைக்கிறது என்று ஹைட்லரும் லண்டனும் 1927-ல் குவாண்டம் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். (ஹைட்லர், ஹிட்லர் இல்லை சாமி!)

இந்த ஜோடியைப் பிரிக்க ஒரு மோலுக்கு 436 கிலோ ஜூல் வேண்டும். அதாவது வெறும் 2 கிராம் ஹைட்ரஜனைத் தனி அணுக்களாக்கும் ஆற்றலில், ஒன்றரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைத்துவிடலாம். இதுவா வீக்?

சரி, தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதிக்கிறதே என்பீர்கள். ஆவியான பிறகும் அது தண்ணீர் மூலக்கூறுதான். கும்மிடிப்பூண்டி லோக்கல் சென்ட்ரலில் நின்றதும் கூட்டம் கலைகிறது. யார் கையும் கழன்று விழுவதில்லை. கொதிக்கும்போது விடுபடுவது மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஈர்ப்பு. உள்ளே இருக்கும் சகப்பிணைப்பு அப்படியே இருக்கிறது.

நம்பிக்கை வரவில்லையா? நம்ம மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. கும்மிடிப்பூண்டி தாலுகா தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் மிச்செலின் டயர் தொழிற்சாலை. ரப்பர் என்பது நீளநீளமான கார்பன் சங்கிலிகள். வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும் என்று குட்இயர் 1839-ல் கண்டுபிடித்தார். கந்தக அணுக்கள் பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளோடு எலக்ட்ரானைப் பங்கிட்டுப் பாலம் போடுகின்றன. அத்தனையும் சகப்பிணைப்பு! கல்கத்தா ஹைவேயில் சரக்கு லாரியைத் தாங்குவது இந்த "பலவீனம்"தான்.

உடைந்த பிளாஸ்டிக் குடத்தை உருக்கி மறுபடி வார்க்கலாம். அதன் சங்கிலிகளுக்கு நடுவே பாலம் இல்லை. டயரை உருக்க முடியாது. அதனால்தான் பழைய டயரைக் காற்றில்லாமல் பல நூறு டிகிரிக்குச் சூடாக்கி, பிணைப்புகளையே உடைத்து, எண்ணெயும் கரித்தூளும் எடுக்கும் பைரோலிசிஸ் ஆலைகள் நம்ம வட்டாரத்தில் வந்தன. ஒழுங்காக நடத்தாத ஆலையிலிருந்து நாற்றமும் கரியும்தான் ஊருக்கு மிச்சம். பாலம் போட்ட அதே கந்தகம் எரியும்போது கந்தக டை ஆக்சைடாகி மூச்சில் ஏறுகிறது. இப்படி எண்ணெய் எடுப்பதற்காக வெளிநாட்டுப் பழைய டயரை இறக்குமதி செய்வதை மத்திய அரசு 2022-ல் தடை செய்தது.

"பள்ளிக்கூடப் பசங்களுக்கு இவ்வளவு எதுக்கு? எளிமையா சொன்னா போதும்" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். "மூலக்கூறுகளுக்கு இடையே ஈர்ப்பு குறைவு" என்பது மட்டும் என்ன பெரிய கம்பசூத்திரமா? அதுவும் ஒரே வரிதானே! எளிமை வேறு, பொய் வேறு.

இந்தப் பசங்களில் எத்தனையோ பேர் நாளைக்கு ஐடிஐ, டிப்ளமோ முடித்து இதே சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகப் போகிறவர்கள். கொதிகலன் பக்கத்தில் நிற்கிறவனுக்கு எது வெறும் ஆவியாகிறது, எது உடைந்து வேறு பொருளாகிறது என்ற வித்தியாசம் தெரிய வேண்டாமா? அது மார்க் விஷயம் இல்லை சார், நுரையீரல் விஷயம்.

அடுத்த தடவை யாராவது "சகப்பிணைப்பு பலவீனமானது" என்று எழுதச் சொன்னால், எழுந்து நின்று மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"அப்போ டயர் ஏன் சார் உருக மாட்டேங்குது?"